கணக்கில் வராத செவ்விளநீர்

காய்ச்சல்காரருக்குக் குடிக்கக் கொடுப்பதில் எங்கள் சனங்களை மிஞ்ச ஆளில்லை. கொட்டாஞ்சேனையில் ஒருவருக்கு உடம்பு சுட்டால் போதும், அந்த ஒழுங்கையில் உள்ள அத்தனை வீடுகளிலிருந்தும் ஏதாவது ஒன்று குடிக்க வந்து சேரும். ஒரு வீட்டிலிருந்து பார்லித் தண்ணி, இன்னொரு வீட்டிலிருந்து கொத்தமல்லி, அடுத்த வீட்டிலிருந்து சீவித் துளை போட்ட செவ்விளநீர், இங்கே அதைத் தெம்பிலி என்போம். கொண்டு வந்தவர் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, கடைசி மிடறு இறங்கும் வரைக்கும் எழும்ப மாட்டார். "கண்ண மூடிட்டு மடமடண்டு குடிச்சிருங்க" என்று கெஞ்சுவார். வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு. நோயாளிக்குப் பசி இல்லாமல் இருக்கலாம், குமட்டலாம், தலை சுற்றலாம், மரியாதை மட்டும் குறையக்கூடாது.

இருபது வருடத்துக்கு மேலாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு சின்ன டிஸ்பென்சரி இருக்கிறது. வீடு வெள்ளவத்தையில். தினமும் காலையில் காலி வீதியில் பஸ் ஏறி, நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறேன். "பொம்பிளைக்கு ஏன் இந்த அலைச்சல், வெள்ளவத்தையிலேயே ஒன்றைத் திறக்கலாமே" என்று சொந்தக்காரர் கேட்பார்கள். வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு இரண்டு டொக்டர்மார் இருக்கிறார்கள், அவர்களுக்கே நோயாளிகள் போதாது. கொட்டாஞ்சேனையில் நான் கதவைத் திறக்க முன்னரே, நோயாளிகள் காத்திருக்கும் வாங்கு நிறைந்துவிடும்.

அந்த வாங்கில் இருப்பவர்களை ஆளுவது நான் அல்ல, எங்கள் கவுண்டர் பிள்ளை. பிள்ளை என்று நான் கூப்பிடுகிறேனே தவிர, கல்யாணம் முடித்துச் சில வருடங்களானவள். புருஷன் துறைமுகத்தில் வேலை. அவள்தான் நம்பர் கூப்பிடுவாள், குளிசைகளை எண்ணிக் கடதாசி உறைகளில் போடுவாள், எதை எப்போது விழுங்குவது என்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி ஓதுவாள். நான் உள்ளே மெதுவாகச் சொன்னதை அவள் வெளியே ஒரு தரம் உரக்கச் சொன்னால்தான் சனத்துக்கு நம்பிக்கை வரும். "டொக்டர் சொன்னதெல்லாம் விளங்கிச்சா? சரி, இப்ப நான் சொல்றதக் கேளுங்க" என்று தொடங்குவாள். எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

அவளுடைய மாமியாரையும் எனக்கு நன்றாகத் தெரியும். துறைமுகப் பக்கத்துக் கந்தோர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுப்பவர். என்னுடைய பார்சலும் அங்கிருந்துதான் வரும். மருமகள் மீது அவருக்கு உயிர். ஆண்பிள்ளைகளை மட்டுமே பெற்று அலுத்துப்போனவர், வந்து வாய்த்த ஒரு பெண்பிள்ளையைத் தரையில் விடாமல் வைத்திருந்தார். "மாமியோட சண்டை பிடிக்காத மருமகள் எண்டு உன்னை மியூசியத்தில வைக்கவேணும்" என்று நான் அவளைக் கிண்டல் செய்வேன். "சண்டை பிடிக்க மாமி இடம் தந்தா தானே டொக்டர்" என்பாள்.

மழை தொடங்கி, ஒழுங்கைகளில் நுளம்புக்குப் புகை அடிக்கத் தொடங்கினால், எங்களுக்கும் பயிற்சிக் கருத்தரங்குகள் தொடங்கிவிடும். அந்த முறை கொள்ளுப்பிட்டியில், ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திருந்தார்கள். எங்களைப் போலத் தனியாக டிஸ்பென்சரி நடத்தும் டொக்டர்மாருக்கு டெங்கு பற்றிய புதிய அறிவுறுத்தல்கள். இப்படியான கூட்டங்களுக்கு நான் எப்போதும் எரிச்சலோடுதான் போவேன். கிழமையில் ஓய்வாக இருப்பது அந்த ஒரு காலைதான். அதிலும் என் மகன் வயதில் ஒருவர் மேடையில் நின்று காய்ச்சல் என்றால் என்ன என்று எனக்கு விளங்கப்படுத்துவார். என் வயதுக்காரர் எல்லோரும் பின்வரிசையில், பட்டிஸும் ரோல்ஸும் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடிப்போம். முன்வரிசைக்குப் போனால் கேள்வி கேட்பார்கள்.

அன்றைக்கும் ஒரு இளம் நிபுணர்தான் வந்திருந்தார். ஆனால் அவர் திரையில் படங்களை ஓட்டவில்லை. மேசையில் ஒரு கண்ணாடி ஜக்கும் ஒரு சாதாரணத் தேத்தண்ணிக் கோப்பையும் வைத்தார். "டெங்கு நோயாளி குடிக்காமலும் சாகலாம், குடித்தும் சாகலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பின்வரிசையில் ரோல்ஸ் மெல்லுவது நின்றது.

அவர் சொன்னதில் பாதி எங்களுக்குத் தெரிந்ததுதான். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து. அப்போது இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும், இரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் வெளியே ஒழுகி நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். அந்த நேரத்தில் அளவுக்குக் குறைவாகக் கொடுத்தால் நாடி விழும். அளவுக்கு மேல் கொடுத்தால் அந்த மேலதிகமும் ஒழுகி நுரையீரலைச் சுற்றி நிற்கும், நோயாளி மூச்சுக்குத் திணறுவார். ஆஸ்பத்திரியில் அதனால்தான் ஒவ்வொரு கோப்பையாக அளந்து கொடுக்கிறார்கள், வெளியே போகும் சிறுநீரையும் அளக்கிறார்கள். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். இனிமேல் காய்ச்சல்காரரிடம் "நன்றாகக் குடியுங்கள்" என்று சொல்லி அனுப்பாதீர்கள், எவ்வளவு என்று சொல்லி அனுப்புங்கள். நாங்கள் எல்லோரும் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த வசனம் அது. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றிருந்தது. ஆனாலும் ஆள் சரியாகத்தான் பேசினார்.

முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழும் சுருட்டிய போஸ்டர்களும் தந்தார்கள். விரித்துப் பார்த்தால் ஒன்று ஆங்கிலம், ஒன்று சிங்களம். தமிழ் எங்கே என்று கேட்டேன். அடுத்த கிழமை வரும் என்றார் கொடுத்துக்கொண்டிருந்தவர். அடுத்த கிழமை என்பது எங்கள் நாட்டில் தனியான ஒரு காலம், கலண்டரில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கொட்டாஞ்சேனையில் என்ன பாஷை கதைக்கிறார்கள் என்று தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அந்த மனிதர் பாவம், போஸ்டர் அடித்தவர் அல்லர், சுருட்டியவர். தந்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நானும் பிள்ளையும் சிங்களப் போஸ்டரை ஒட்டினோம். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பழைய தமிழ்ப் போஸ்டர் இருந்தது. பெரிய நுளம்பு ஒன்றின் படம், டயர், சிரட்டை, பூச்சட்டி, அடியில் கொட்டை எழுத்தில் "காய்ச்சலா? நீராகாரம் அதிகம் அருந்துங்கள்." இதைக் கழட்டவா என்று பிள்ளை கேட்டாள். கழட்டினால் தமிழில் ஒன்றுமே இருக்காது. தமிழ் வரும் வரைக்கும் இருக்கட்டும் என்றேன். சிங்களம் வாசிப்பவர்கள் புதியதை வாசித்தார்கள், தமிழ் வாசிப்பவர்கள் பழையதை வாசித்தார்கள். இரண்டும் அருகருகே இருந்து ஒன்றுக்கொன்று எதிராகப் பேசிக்கொண்டிருந்தன.

வாயால் சொல்லுவதை மட்டும் நாங்கள் மாற்றிக்கொண்டோம். வெற்றுத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வெட்டிக் கோடு போல ஒட்டி, காலையில் இது வரைக்கும், பின்னேரம் இது வரைக்கும் என்று காட்டினேன். பிள்ளை அதை ஒரு நாளிலேயே பிடித்துக்கொண்டாள். "கஞ்சி, ஜீவனிப் பக்கெட் கரைச்ச தண்ணி, தெம்பிலி எல்லாம் இந்தக் கணக்குக்குள்ள தான். சும்மா தண்ணிய மட்டும் குடிச்சிட்டு வந்து நிக்கக் கூடாது. அன்புக்குக் குடிக்கிறதும் கணக்குத் தான்" என்று வாங்கைப் பார்த்து அறிவிப்பாள். அந்தக் கடைசி வசனம் அவளுடைய சொந்தச் சரக்கு.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை அவள் சிவந்த முகத்தோடு வந்து கவுண்டரில் இருந்தாள். கையைத் தொட்டேன், கொதித்தது.

"சும்மா மேல் சூடு டொக்டர். குளிசை போட்டுட்டுத் தான் வந்தேன்."

"வாங்கில இருக்கிற ஆக்களுக்கு இதையே சொல்லுவியா?"

"அவங்க நோயாளிங்க தானே."

எங்கள் தொழிலில் உள்ள எல்லோருக்கும் இருக்கும் வியாதி இது. காய்ச்சல் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று ஓர் எண்ணம். நன்றாக ஏசிவிட்டு வீட்டுக்கு அனுப்பினேன். முதல் இரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்ததில் வெள்ளணுவும் பிளேட்லட்டும் சேர்ந்து இறங்கியிருந்தன. டெங்குதான் என்று உறுதியானது. மறு பேச்சில்லாமல் கடிதம் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மாமியார்தான் பார்சல் வேலைகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் பிள்ளையிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. "டொக்டர், இங்க எனக்கே கப்பால அளந்து தாறாங்க. நம்ம போத்தல் மாதிரியே. நான் நர்ஸ் மிஸ்ஸுக்குச் சொன்னேன், இதெல்லாம் எனக்குத் தெரியும் எண்டு." சிரிப்புச் சத்தமும் கேட்டது. நிம்மதியாக இருந்தது. கவுண்டரில் நானே நம்பர் கூப்பிட்டு, நானே குளிசை எண்ணி, அன்றைக்கு எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

அதற்கு மறுநாள் டிஸ்பென்சரியை நேரத்தோடு பூட்டிவிட்டு, பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் என்று சொல்லி உள்ளே போக எனக்குப் பிடிப்பதில்லை. மற்றவர்களோடு வரிசையில் நின்று போனேன். வாட்டு நிறையக் கட்டில்கள், கட்டில்கள் நிறைய நுளம்பு வலைகள், வலைகளைச் சுற்றிச் சனம். அவளுடைய கட்டில் ஜன்னலோரம். கிட்டப் போக முன்னரே எனக்கு விளங்கிவிட்டது, ஏதோ சரியில்லை.

அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியாதவர்கள் உட்காரும் விதம் அது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. என்னைக் கண்டு சிரிக்கப் பார்த்தாள், "டொக்" என்றதோடு மூச்சு முடிந்துவிட்டது.

கட்டில் காலடியில் வாட்டின் இளம் டொக்டர் அவளுடைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் யார் என்று சொன்னேன். மரியாதையாகத் தாளைக் காட்டினார். நாடி வேகம் கூடியிருந்தது. உள்ளே போன அளவைப் பார்த்தால், கொடுக்க நினைத்ததை விடக் குறைவாகத்தான் இருந்தது. "கசிவு நான் நினைத்ததை விடக் கூட இருக்கிறது. நாடி விழ முன்னர் சேலைனைக் கொஞ்சம் கூட்டலாம் என்று பார்க்கிறேன்" என்றார். அந்தத் தாளில் உள்ளதை மட்டும் வைத்துப் பார்த்தால் யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள். நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

தலைமாட்டில் மாமியார் நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க டொக்டர், நீங்க வந்தா தான் எனக்குத் தெம்பு. பாருங்க, இவங்க கொஞ்சம் கொஞ்சமா நாக்க மட்டும் நனைச்சு விடுறாங்க. பிள்ள காஞ்சு போயிருவா தானே." பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, "நான் விடுவேனா?" என்றார்.

அவர் கையில் இருந்த துணிப்பையைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. உள்ளே கலங்கல் நிறத்தில் பாதி குறைந்த ஒரு பெரிய போத்தலும், அதற்குப் பக்கத்தில் வெற்றுப் போத்தல் ஒன்றும் இருந்தன.

"இது என்ன?"

"தெம்பிலி தான் டொக்டர். கண்டது கடியது ஒண்டும் இல்ல."

"எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"நேத்து வந்த மூணு நேரமும் குடுத்தேன். இண்டைக்கும் அப்பிடித்தான். பக்கத்து வீட்டுக்காரி பார்லியும் தந்து விட்டிருந்தா, மனசு நோகக் கூடாது தானே, அதையும் குடுத்தேன்."

"மிஸ்ஸிட்ட சொன்னனீங்களா?"

"சொன்னா விடுவாங்களா? அவங்க அந்தப் பக்கம் திரும்பின நேரம் பாத்துத் தான்."

நான் கத்திவிட்டேன். வாட்டில் கத்தக்கூடாது என்று எனக்குத் தெரியும், இருந்தும் கத்தினேன். "என்ன விசர் வேலை பாத்திருக்கிறீங்கள்! குடுத்துக் குடுத்தே பிள்ளையைக் கொல்லப் போறீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரரெல்லாம் திரும்பினார்கள். மாமியார் முதலில் பையை இழுத்து மூடினார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது.

"என்ன டொக்டர் ஏசுறீங்க? நீங்க தானே சொன்னது! என்ட மகனுக்குக் காய்ச்சல் வந்த நேரம் நல்லாக் குடிக்கக் குடுங்க, குடுங்க எண்டு நீங்க தானே சொன்னீங்க! இப்பவும் உங்கட சுவத்தில ஒட்டித் தானே இருக்கு, அதிகம் அருந்துங்கள் எண்டு! பார்சல் கொண்டு வாற நாளெல்லாம் வாசிக்கிறேன்!"

அந்த இளம் டொக்டருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் போத்தல் விளங்கியது. அவருடைய முகம் மாறியது. "கொச்சர துன்னத அம்மே?" என்று மாமியாரிடமே கேட்டார், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று. மாமியார் போத்தலைத் தூக்கி, விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று சிங்களத்தில் சொன்னேன். தாதி எழுதியிருந்ததோடு அதைக் கூட்டிப் பார்த்தபோது, அவள் உடம்பு தாங்கக்கூடியதை விட மிக அதிகமாக உள்ளே போயிருந்தது.

"மாமிய ஏசாதீங்க" என்றாள் பிள்ளை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்தாள். "எனக்கு... தெரியும் தானே. நான் தான்... குடிச்சேன்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் குடிச்சனீ?"

"மாமி... அவ்வளவு தூரம்... தூக்கிட்டு வந்தாங்க. எப்பிடி... வேணாம் எண்டு..."

வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் அன்புக்குக் குடிப்பதும் கணக்கு என்று அறிவித்தவள் அவள். மாமியாருக்கு ஏச்சு விழக்கூடாது என்று தாதியிடமும் வாய் திறக்கவில்லை. எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. இளம் டொக்டர் சேலைனைக் கூட்டவில்லை, நிறுத்தினார். ஒக்சிஜன் வந்தது. நெஞ்சைப் பார்க்க ஸ்கேன் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் நிற்பது திரையில் கறுப்பாகத் தெரிந்தது. எங்களை வெளியே போகச் சொன்னார்கள். போகும்போது இளம் டொக்டர் என்னிடம், நீங்கள் வரத் தாமதித்திருந்தால் நான் சேலைனைக் கூட்டித்தான் இருப்பேன் என்றார்.

கீழே மரவாங்கு ஒன்றில் நானும் மாமியாரும் இருந்தோம். பயமாக இருந்தது. இந்த நிலையில் நோயாளிகள் எப்படித் திரும்பி வருவார்கள் என்றும் எனக்குத் தெரியும், எப்படித் திரும்பி வரமாட்டார்கள் என்றும் தெரியும். தெரிந்திருப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. மாமியார் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர்," என்றார். "நான் குடுத்தது தானா அது? உள்ளுக்கு நிக்குது எண்டு சொன்னது?"

"ஓம்" என்றேன்.

ஆறுதலாக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் உண்மையைத்தான் கேட்டார். பிறகு குழாய் கசிவதையும், நீர் நெஞ்சில் தேங்குவதையும், ஏன் கோப்பையால் அளக்கிறார்கள் என்பதையும் தமிழில் சொன்னேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு காலை முழுவதும் எடுத்துச் சொன்ன விடயம், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்துக்குள் அடங்கிவிட்டது. எல்லாம் அவருக்கு விளங்கியது. பார்சல் கட்டுபவருக்கு அளவு விளங்காதா?

"இத யாரும் எனக்கு இப்பிடிச் சொல்லல்லயே டொக்டர்" என்றார். எழும்பிப் போய், மிச்சமிருந்த செவ்விளநீரைச் சுவரோரம் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானுக்குள் ஊற்றினார். போத்தல் காலியான பிறகும் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றார்.

வேலை முடிந்து பிள்ளையின் புருஷன் ஓடி வந்தார். வாட்டு வாசலிலேயே யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அவர் தாயை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. "அம்மா, நீங்க இனி வாட்டுக்கு வர வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார். மாமியார் தலையை ஆட்டினார்.

அடுத்த நாள் காலை இளம் டொக்டர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். சிறுநீர் நன்றாகப் போகிறது, மூச்சுத் திணறல் இறங்கிவிட்டது, இரவு கொஞ்சம் படுத்தாள் என்றார். நான் பஸ்ஸில் இருந்தேன், வெள்ளவத்தைச் சந்தை தாண்டவில்லை. பக்கத்தில் இருந்த பெண் "மொகத மிஸ்?" என்று சிங்களத்தில் என்னவென்று விசாரித்தபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

டிஸ்பென்சரிக்குப் போன உடனே பழைய போஸ்டரைக் கிழித்தேன். நான்கு மூலையிலும் பசை நன்றாகப் பிடித்திருந்தது, நுளம்பின் ஒரு கால் சுவரிலேயே தங்கிவிட்டது. கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி, மார்க்கர் பேனாவால் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினேன். போத்தல் படமும் கீறினேன். பிள்ளை பார்த்திருந்தால் பூச்சாடி என்றுதான் சொல்லியிருப்பாள். அதைப் படமெடுத்து எங்கள் டொக்டர்மார் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டை விரல்கள் வரிசையாக வந்தன. ஒருவர் இதைக் கொஞ்சம் வடிவாக அடித்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் குழுவிலிருந்து நீக்கியிருப்பார்கள். உண்மையான தமிழ்ப் போஸ்டர் மழை ஓய்ந்த பிறகு வந்தது. நல்ல தாள், நல்ல தமிழ், எழுத்துப் பிழை ஒன்றுமில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒழுங்கையில் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "மாமி குடுத்தே முடிக்கப் பாத்தாவாம்" என்று வாங்கில் இருந்த ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்வது என் காதிலேயே விழுந்தது. போத்தலும் கையுமாக அதே மருமகளைப் பார்க்கப் போனவர்கள்தான் இவர்களும். வெளியே வந்து அவளுக்கு நன்றாக ஏச்சுக் கொடுத்தேன். கதை நின்றதா என்பது தெரியாது, என் முன்னால் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனங்கள் வீடு திரும்பும் நேரம், அவளைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தாள், ஆனால் வாய் பழையபடி திரும்பியிருந்தது. நான் இல்லாமல் குளிசை உறையெல்லாம் தலைகீழாக அடுக்கியிருப்பீர்களே என்றாள். மாமியார் எனக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டு வந்து வைத்தார். மருமகளுக்கு ஒன்றும் வைக்கவில்லை. வைத்துவிட்டுக் குசினி வாசலில் போய் நின்றுகொண்டார். சற்று நேரத்தில் பிள்ளை எழும்பித் தானே போய்த் தண்ணீர் எடுத்தாள். மாமியார் வழிவிட்டு ஒதுங்கினார், பானையைத் தொடவில்லை.

"வந்ததில இருந்து இப்பிடித்தான் டொக்டர்" என்றாள் அவள், திரும்பி வந்து, மெதுவான குரலில். "சோறு போட்டுத் தருவாங்க, தலை இழுத்துப் பின்னி விடுவாங்க. ஒரு கப் தண்ணி தர மாட்டாங்க. கேட்டாலும் கேக்காத மாதிரி இருப்பாங்க. நான் சொல்லிப் பாத்துட்டேன், இவர் மன்னிப்புக் கேட்டும் பாத்துட்டார்."

சரியானதைத்தான் நான் அந்த ஆஸ்பத்திரி வாங்கில் சொல்லிக் கொடுத்தேன். அது போய் எங்கே பட்டிருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

"இஞ்ச வாங்கோ" என்று மாமியாரைக் கூப்பிட்டேன். "பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணி குடுங்கோ."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எவ்வளவு டொக்டர்?"

"அவவுக்குக் காய்ச்சல் இல்லை. அவ போதும் எண்டு சொல்லும் வரைக்கும் குடுங்கோ."

உள்ளே போனார். பானை மூடி திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு கனநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். கொடுத்த பிறகும் அங்கேயே நின்றார். மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார், அது எப்படி ஏறி இறங்குகிறது என்று.

பிள்ளை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் தாங்க மாமி."

இந்த முறை மாமியார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு நேரே குசினிக்குப் போனார்.